லிவர் நிக்க மாட்டேங்குது, தாயி!

உழவு ஓட்டும் டில்லரை ரிப்பேர் செய்கிறவருக்குக் கழுத்தை நீட்டியவள், வாசலில் கேட்கும் எல்லாச் சத்தத்துக்கும் எழுந்து உட்கார வேண்டும். என்னைப் போல வீட்டுக்காரர் தொழிலுக்குள் இழுத்துவிடப்பட்ட சகோதரிகளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழந்தை தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன். முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருட்டில் ஒரு மூச்சு

மதுரையை ஒட்டிப் பரவையில் திண்டுக்கல் ரோட்டோரம் எங்கள் ஷெட், பின்பக்கமே வீடு. ஹேண்டில் போட்டு ஒரு டில்லரை ஸ்டார்ட் செய்யும்போது அது திருப்பி அடித்ததில், என் வீட்டுக்காரரின் வலது மணிக்கட்டு உடைந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். நானும் பத்து மாதக் குழந்தையும் மட்டும் வீட்டில். ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள், விளக்கு வைத்த பிறகு ரோட்டில் ஒரு சத்தம். டுப் டுப்பென்று எழும்பும், யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல அடங்கும், மறுபடி எழும்பும். கான்வென்டில் மனப்பாடம் செய்த ஜெபம்தான் முதலில் வாயில் வந்தது. மீனாட்சி இரண்டாவதாகத்தான் வந்தாள்.

ஜன்னல் வழியே பார்த்தால் ஒச்சப்பன் அண்ணன், எங்கள் பழைய கஸ்டமர். டில்லரின் ஆக்சிலேட்டர் லிவரைக் கையால் தூக்கிப் பிடித்தபடியே ஊரிலிருந்து ஓட்டி வந்திருக்கிறார். பிடியை விட்டால் லிவர் தானாகச் சரிந்து இன்ஜின் அடங்கிவிடுகிறது. இன்னும் மூன்று நாள்தான் வாய்க்காலில் தண்ணீர் வரும், அதற்குள் வயலை உழுது சேறாக்க வேண்டும். “லிவர் நிக்க மாட்டேங்குது, தாயி! மாப்ள இல்லேன்னா என்ன, நீ இந்த வீட்டு ஆளுதானே?” என்றார்.

டிபன் கூடையில் லிவர்

சிம்மக்கல்லில் இருக்கும் அப்பா, “சனிக்கிழமை சாயங்காலம் வாரேன், ஷெட்டைப் பூட்டிட்டு எங்கூடக் கெளம்பு” என்று சொல்லியிருந்தார். உழவு சமயத்தில் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் கஸ்டமர் எல்லாரும் வேறிடம் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் கை சரியாகி வருகிறவர் யாருக்காகத் திறப்பார்? மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஸ்பானரை எடுத்தேன். மீனாட்சியைக் கூப்பிட்டுக்கொண்டே நட்டைக் கழற்றினேன். லிவரையும் வாஷர்களையும் துணியில் சுற்றி, ரசத்துக்குப் பக்கத்தில் வைத்து, குழந்தையோடு டவுன் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அவர் இடது கையால் புரட்டிப் பார்த்து, “தேய்மானம் இல்லையே. நட்டை இறுக்கிப் பாரு” என்றார். அதற்குள் வார்டே கட்டிலைச் சுற்றிக் கூடிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு இருந்தவர், “சைக்கிள் டியூப்பை வெட்டி இழுத்துக் கட்டும்மா, அசையாது. நான் அப்படித்தான் கட்டினேன்” என்றார். “கட்டிட்டா அவசரத்துக்கு வேகத்தைக் குறைக்க முடியாதே, வண்டி கெணத்துல போயி எறங்குமே” என்றேன் நான்.

“எறங்குச்சே! பின்ன நான் இங்க எப்படி வந்தேன்னு நெனச்சே?”

மூக்கு பிடித்த பிழை

வீட்டுக்கு வந்து லிவரை மாட்டி நட்டை இறுக்கினேன். லிவர் அசையவே இல்லை. கால் சுற்றுத் தளர்த்தினேன். வழுக்கிக்கொண்டு கீழே போனது. இறுக்கினால் கல், தளர்த்தினால் வெண்ணெய். பத்துத் தடவை பார்த்துவிட்டு அழுகையோடு படுத்தேன். சனிக்கிழமை காலையில் மறுபடி கழற்றிக்கொண்டிருந்தபோது குழந்தை சிணுங்கியது. தூக்கி முகத்தைத் துடைக்கப் போனேன், என் விரலில் விளக்கெண்ணெய் வாடை! குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து ரெண்டு நாளாச்சே? வாஷரை மோந்து பார்த்தேன். அதேதான்!

வாசலில் காத்திருந்த ஒச்சப்பன் அண்ணனிடம் ஓடினேன். “பூஜைக்கு வண்டிய என்ன செஞ்சீங்கண்ணே?” “குளிப்பாட்டி, சந்தனம் வச்சு, மூட்டுக்கு மூட்டு வெளக்கெண்ண விட்டேன், தாயி. வருசம் பூரா நமக்காக ஒழைக்குதுல்ல?” மற்ற மூட்டுக்கெல்லாம் எண்ணெய் நல்லதுதான். இந்த லிவர் மட்டும் வாஷர்கள் ஒன்றோடொன்று காய்ந்து உரசும் பிடியில்தான் நிற்கிறது. பிசுக்கைக் கழுவ அவர் வைத்திருக்கும் பெட்ரோல் டின்னைக் குழந்தையை வைத்துக்கொண்டு திறக்க எனக்குப் பயம். ஆனால் எண்ணெய் போக்கத் தெரியாதா? சீயக்காயைக் குழைத்துத் தேய்த்து, வெந்நீரில் அலசி, வெயிலில் முறத்தில் காயவைத்தேன். அண்ணன் முறத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“தலைக்கு ஊத்தியாச்சு, சாம்பிராணியும் போட்டுரு, தாயி.”

கையை எடுத்தேன்

ஹேண்டிலை அவர் சுற்றினார். என் வீட்டுக்காரர் கையை உடைத்ததும் அப்படியொரு ஹேண்டில்தானே, எட்டி நின்றேன். இன்ஜின் பிடித்துக்கொண்டதும், “மாட்டினது நீ, நீயே தூக்கு” என்றார். லிவரைத் தூக்கினேன். ஷெட் தகரம் எல்லாம் அதிர்ந்தது. ஒரு விரலாக எடுத்தேன். ஐந்தாவது விரலையும் எடுத்தேன். நின்றது! இருபது எண்ணினேன், அப்படியே நின்றது! நான் போட்ட கூச்சலில் எதிர்த்த டீக்கடையே எழுந்து வந்துவிட்டது. அண்ணன் நேராக வயலுக்கு வண்டியைத் திருப்பினார்.

“மாப்ளைய மெதுவாவே வரச் சொல்லு, தாயி!”

அப்பா வந்தார்

சாயங்காலம் அப்பா வந்தபோது வாசலில் சேதி கேட்டு வந்த நாலு டில்லர்கள். நாலு பேருமே பூஜைக்குப் பாசத்தோடு எண்ணெய் விட்டவர்கள். நான் முழங்கை வரை சீயக்காயோடு நின்றேன். யாரும் அப்பாவை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த நட்டுக்குப் போனேன். நாலாவது லிவரும் நின்ற பிறகு அப்பா கேட்டார். “ஷெட் சாவி எங்கம்மா?” “இடுப்புல இருக்குப்பா. அங்கேயே இருக்கட்டும்.” குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கேட்டார்:

“நாளைக்கு வாரேன், சீயக்காய் எம்புட்டு வேணும்?”

பயந்தாங்கொள்ளி ஒருத்தியால் டில்லர் ஷெட் நடத்த முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும், இருட்டியபின் வந்த ஐந்தாவது வண்டிக்காரரிடம் “காலையில வாங்கண்ணே” என்று சொல்லிவிட்டு நான் செய்ததுபோலக் கதவை உள்ளேயிருந்து தாழ்போட்டுக்கொண்டால்.