தண்ணீர் கண்ட காகிதப்பூ

மண்டோர் இருசப்பனைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவருடைய தோளைச் சொல்ல வேண்டும். மலேசியாவில் அசாம் ஜாவா பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் காண்டா கம்பு ஏறாத தோள் அது ஒன்றுதான். இரண்டு முனையிலும் வாளி தொங்கும் அந்தக் கம்பில் பால் சுமந்து சுமந்து எங்கள் எல்லாருக்கும், பெண்பிள்ளை எனக்கும்கூட, தோளில் காய்ப்பு விழுந்திருந்தது. அவர் இளவயதிலேயே மண்டோர் ஆகிவிட்டவர். பிறத்தியாரை வேலை வாங்கியே பழகியவர். வீட்டுக்குள்ளும் அதே மண்டோர்தான். உட்கார்ந்த இடத்துக்குத் தண்ணீர் வர வேண்டும். தானாக ஒரு சொம்பு மொண்டு குடித்து நான் பார்த்ததில்லை. பொதுக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தவள் அவர் மனைவி தாயம்மா. நான் அடுத்த வீட்டுக்காரி. எங்களுக்கு நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். அந்த மனுஷன் அதட்டுவது கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தாயம்மா துரை பங்களாவில் கூட்டிப் பெருக்கினாள். அங்கே வெட்டிக் கழிக்கும் காகிதப்பூக் கிளைகளைப் பொறுக்கிவந்து நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையில் வீட்டுக்கு வீடு நடக் கொடுத்தாள். சாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டேன்.

"கண்ணுக்கு ஆகும் லா" என்றாள்.

எண்பத்து மூன்றில் வானம் எங்களை மறந்தே போனது. பங்களா ரோஜாக்கள் கருகின. செம்பருத்தி மொட்டிலேயே உதிர்ந்தது. குழாய் காய்ந்துபோய், லோரியில் வந்த தண்ணீருக்கு அடித்துக்கொண்டோம். ஆனால் ஒருவரும் ஒரு சொட்டு ஊற்றாத காகிதப்பூ மட்டும் இலை தெரியாமல் பூத்தது. லயம் நெடுகச் சிவப்பு. தாயம்மா வீட்டுச் செடி மட்டும் பச்சைப்பசேலென்று சும்மா நின்றது. பாத்திரம் கழுவிய தண்ணீரெல்லாம் அதன் அடிக்குத்தான் ஓடும்.

அந்தக் கோடையில்தான் அவள் படுத்தாள். வயிற்றில் கட்டி. கிள்ளான் ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்து, அப்படியே மூடித் தைத்து, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பிள்ளை குட்டி கிடையாது. சன்னலோரமாகக் கட்டிலைப் போட்டோம். அங்கிருந்து பார்த்தால் அந்தச் செடிதான் தெரியும்.

"நான் குடுத்த கெளையெல்லாம் பூத்துருச்சு. என்னோடது மட்டும் பூக்க மாட்டேங்குது. பாத்துட்டுப் போயிரணும்னு இருக்கு" என்றாள் ஒருநாள்.

என்னிடம்தான் சொன்னாள். மண்டோர் காதிலும் விழுந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் என் வாசலில் வந்து நின்று, காண்டா கம்பு இரவல் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செம்பனைக் காட்டுக்கு அந்தப் பக்கம், பெரிய வாய்க்காலின் அடியில் மட்டும்தான் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அங்கிருந்து சுமந்து வந்தார். பாதி வழியில் சிந்திவிடும். மீதியைச் செடிக்கு ஊற்றினார். கம்பு உங்களைச் சுமக்கிறதா, நீங்கள் கம்பைச் சுமக்கிறீர்களா என்று கேலி செய்தேன். வேறு நாளாக இருந்தால் வெட்டுவேன் குத்துவேன் என்றிருப்பார். அன்று தோளைத் தடவிக்கொண்டு மறுநடைக்குப் போய்விட்டார்.

ஊற்றி முடித்ததும் சன்னலடியில் குந்திக்கொண்டு, வாய்க்காலில் கண்ட உடும்பைப் பற்றி, வழியில் வழுக்கி விழுந்ததைப் பற்றியெல்லாம் அவளிடம் கதை சொல்வார். பலகைச் சுவருக்கு அப்பால் தாயம்மா சிரிப்பாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதே அப்போதுதான். நோவுக்கு நடுவில் எப்படித்தான் சிரித்தாளோ.

செடி தளதளவென்று துளிர்த்தது. இலைமேல் இலை. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஒரு நடை கூட்டினார் மண்டோர்.

பூக்கவில்லை. ஒரு மத்தியானம் தாயம்மா சன்னல் பக்கம் திரும்பிப் படுத்தபடியே போய்விட்டாள்.

அதன் பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை. கம்பு சுவரில் சாய்ந்து கிடந்தது. அந்த வீட்டில் பாத்திரம் கழுவவும் ஆளில்லை. செடி வாடியது, இலையை உதிர்த்தது. முப்பதாம் நாள் படையல் வருவதற்குள், லயத்தில் வேறெந்தச் செடியும் பூக்காத அளவுக்குப் பூத்துத் தள்ளியது. மண்டோர் வாசலில் உட்கார்ந்து அதையே வெறித்துக்கொண்டிருந்தார். அவள் இருக்கும்போது பூத்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு அதன்மேல் ஆத்திரமாக வந்தது.

படையலுக்கு வந்தவர்களில் பங்களாத் தோட்டக்காரர் அப்பளசாமியும் ஒருவர். செடியைப் பார்த்ததும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. காகிதப்பூவுக்குத் தண்ணீர் ஊற்றினால் இலைதான் விடும், தாகத்தில் தவித்தால்தான் பூக்கும் என்றார். மண்டோர் செடியிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில், தெரிந்தவர் அப்போதே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று அப்பளசாமியிடம் பாய்ந்தேன்.

"பாக்க வந்தப்பவே தாயம்மாகிட்ட சொன்னேன்" என்றார் அவர். "அதுதான் வேணாம்னுச்சு. 'அவருகிட்ட சொல்லிறாதண்ணே. காலமெல்லாம் நான்தான் தூக்குனேன். இப்பத்தான் எனக்குன்னு ஒருத்தரு தண்ணி தூக்கிட்டு வர்றாரு. பூத்துருச்சுன்னா நிப்பாட்டிருவாரு'ன்னு சொல்லுச்சு."

இலையில் வைத்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. மண்டோர் எழுந்தார். சுவரில் சாய்ந்திருந்த கம்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாளிகள் ஆட ஆட, செம்பனைக் காட்டுப் பக்கம் நடந்தார்.

பிறகு மழை வந்தது, குழாயிலும் தண்ணீர் வந்தது. அவர் வாய்க்காலுக்குப் போவதை நிறுத்தவில்லை. கம்பைத் திருப்பிக் கேட்க எனக்கும் மனம் வரவில்லை. இருந்த பூவெல்லாம் கொட்டி, செடி பழையபடி பச்சையானது.

எண்பத்தெட்டில் அவர் செத்துப்போனார். குளிப்பாட்டிய ஆண்கள் வெளியே வந்து, மண்டோர் தோளில் இவ்வளவு பெரிய காய்ப்பா என்று கேட்டார்கள்.