கெஜட்டட் ஹாலிடே

டெல்பின் என்கிற பெயரை நான் முதலில் கேட்டது டெலிபோனில். டில்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸிலிருந்து என் ஓர்ப்படி ராஜலக்ஷ்மி பேசினாள். "டெல்பின்னு ஒரு நர்ஸ் வரா, மன்னி. எனக்குப் பொய் சொல்லக் கத்துத் தரா."

ராஜலக்ஷ்மியின் புருஷன் ஜகந்நாதன், என் வீட்டுக்காரருக்குக் கடைசித் தம்பி. சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிடையர் ஆகி வெகுகாலம் ஆயிற்று. இப்போது ஞாபகம் தப்பி, காலையானால் டை கட்டிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுகிறார். ஒருநாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் விற்கிறவனிடம், ஏன் லேட் என்று விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தவரைப் பிடித்து வந்தார்கள்.

"கதவைப் பூட்டினா அழறார், திறந்தா ஓடறார். ஹோம்ல விட்டுடலாங்கறான் ஸ்ரீநிவாஸ்," என்றாள். ஸ்ரீநிவாஸ் அவள் பிள்ளை; அவனும் சர்க்கார் உத்தியோகம், குவார்ட்டர்ஸ் அவன் பேரில்.

டெல்பின் தூத்துக்குடிக்காரி. ஆஸ்பத்திரி வேலையை விட்டபின், மறதி வந்தவர்கள் வீட்டுக்குப் போய், கூட இருப்பவர்களுக்குப் பாடம் எடுக்கிறாள். பாடம் சரியாகச் சொன்னால் பையிலிருந்து ஒரு கருப்பட்டி மிட்டாய்.

"ரிடையர் ஆயிட்டீங்கன்னு எதுக்குக்கா தெனமும் சொல்லுதீங்க? அவுகளுக்கு அது தெனமும் புதுசா விழுற இடில்லா. இன்னைக்கு லீவுன்னு சொல்லுங்க."

ராஜலக்ஷ்மி சொன்னாள். அவர் டையை இறுக்கிக்கொண்டே, "கெஜட்டடா, ரெஸ்ட்ரிக்டடா?" என்றார். இவள் விழித்து, "ரெஸ்ட்ரிக்டட்" என்றாள்.

"அது வேணுங்கறவா எடுத்துக்கறது. எனக்கு வேண்டாம்." ஷூவை மாட்டிவிட்டார்.

டெல்பின் தலையில் அடித்துக்கொண்டாள். "கெஜட்டட்னு சொல்லணும்க்கா. சர்க்காரே மூடிக் கெடக்குன்னு சொல்லணும்." தானே டையைக் கட்டிக்கொண்டு, ஜகந்நாதனாகக் கதவை உலுக்கி, ராஜலக்ஷ்மியை ஒப்பிக்கவைத்தாள். நிஜ ஜகந்நாதன் சோபாவிலிருந்து பார்த்துவிட்டு, "ரொம்ப முரடனா இருக்கான். இவனை வேற செக்‌ஷனுக்கு மாத்து," என்றார்.

அன்று முதல் அந்த வீட்டில் தினமும் கெஜட்டட். அவரும் டையை அவிழ்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறார். ஸ்ரீநிவாஸ் ஹோம் பேச்சை எடுப்பதில்லை.

ஆனால் டெல்பின் மாட்டிக்கொண்டாள். "லீவு நாள்ல நீ ஏம்மா வந்தே?" என்று அவர் கேட்டதற்கு, "ஓவர்டைம், சார்" என்று சொல்லித் தொலைத்தாள்.

"அச்சா. அப்போ நான் சொல்லாம கிளம்பப்படாது."

இன்றைக்கு நானும் இங்கே வந்திருக்கிறேன். பாடம் முடிந்தாயிற்று. டெல்பின் செருப்பை மாட்டி, பையைத் தோளில் போட்டு, கிளம்ப உத்தரவு கேட்டு, சாப்பாட்டு மேஜை முன்னால் கைகட்டி நிற்கிறாள். அவர் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கிறார்.