துணைவேந்தரின் பென்சில் கோடுகள்

எழுத்தைத் தலைகீழாக வாசிப்பதில் துணைவேந்தரை மிஞ்ச ஆளில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவன் தன் பயோடேட்டாவை உறையிலிருந்து முழுசாக எடுத்திருக்க மாட்டான். இந்தப் பக்கம் இருப்பவர் அதற்குள் மூன்றாவது வரிக்கு வந்திருப்பார். "புள்ளியியலா? அடடா," என்பார். அந்த அடடாவில் அனுதாபம் எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க அதே புள்ளியியல் துறைதான் வர வேண்டும்.

பல்கலைக்கழக வாசலில் இருந்து சாலையைத் தாண்டினால் இவருடைய ஜெராக்ஸ் கடை. இரண்டு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஸ்பைரல் பைண்டிங்குக்குத் துளை போடும் கருவி, ஒரு இரும்பு பீரோ, ஒரு ஸ்டூல். துணைவேந்தர் என்பது மாணவர்கள் வைத்த பெயர். எதிரே உள்ள கட்டடத்தில் நிஜத் துணைவேந்தர் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறார். இவர் இருபத்திரண்டு வருஷமாக அதே ஸ்டூலில் இருக்கிறார். ஆகவே பெயர் இவருக்குத்தான் பொருத்தம்.

இவர் பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்துக்கொண்டவர். அதில் கூச்சமெல்லாம் கிடையாது. "நான் படிக்கல சார். ஆனா எல்லாரும் படிச்சதை நான் படிச்சிருக்கேன்," என்பார். பொய்யில்லை. இவருடைய பிரிண்டர் தாளை எழுத்துப் பக்கம் கீழாகத்தான் துப்பும். இவர் அதைப் புரட்டி, வாசித்து, அதற்கப்புறம்தான் உரியவரிடம் கொடுப்பார். விடுப்புக் கடிதம், மருத்துவச் சீட்டு, யாரோ யாருக்கோ எழுதிய காதல் கடிதம், எதுவும் தப்பாது. ஒருமுறை ஓர் ஆய்வேட்டை, நூற்று நாற்பதாம் பக்கத்தில் ஒரே பத்தி இரண்டு தடவை வந்திருக்கிறது என்று பைண்டிங் போடாமலே திருப்பி அனுப்பினார். அதில் ஏற்கெனவே மூன்று பேராசிரியர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூவரும் அந்தப் பக்கம் வரைக்கும் போகவில்லை போலிருக்கிறது.

கேட்கிற காகிதத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். முதல் தடவை வேலைக்கு மனுப் போடுகிறவன் கெட்டியான, விலை கூடின பாண்ட் பேப்பர் கேட்பான். நாலாவது தடவை சாதாத் தாள் போதும் என்பான். பத்தாவது தடவை வரும்போது, ஒரு பக்கம் அச்சாகி வீணான தாள் கிடைக்குமா என்று பார்வையாலேயே தேடுவான். பாண்ட் பேப்பரைத் துணைவேந்தர் பீரோவுக்குள் பூட்டி வைத்திருக்கிறார். சேர்க்கை விண்ணப்பத்துக்கு யாராவது அதைக் கேட்டால் கொடுக்க மாட்டார். ஆபீஸுக்குள் போனதும் குப்பையாகப் போகிற தாளுக்கு எதற்கு மேக்கப் என்பது அவர் கட்சி.

அந்த பீரோக் கதவின் உட்புறம்தான் இந்தக் கதைக்கு முக்கியம். அங்கே எல்லா முதுகலைப் படிப்புகளின் பெயரும் வரிசையாக எழுதியிருக்கும். படித்து முடித்தவர்களில் யார் திரும்ப வந்து பயோடேட்டா அச்சடித்தாலும் அந்தப் படிப்புக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு விழும். ஒரே ஆள் பத்துத் தடவை வந்தால் பத்துக் கோடு. கோடு ஏற ஏற படிப்பு தேறவில்லை என்று அர்த்தம். இதற்கென்றே காதில் ஒரு பென்சில் சதா குந்தியிருக்கும்.

எனக்கும் அதில் இடம் உண்டு. நான் தத்துவத்தில் முதுகலை. முடித்த வருஷம் பதினேழு தடவை பயோடேட்டா அச்சடித்தேன். பதினேழும் அழியாமல் இருக்கின்றன. இப்போது பத்திரிகைக்கு எழுதியதை அச்சடிக்கப் போனாலும் மனுஷன் பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "இது வேலையா சார், இல்ல இன்னொன்னு போடவா?" என்று கேட்பார். நாலு பேர் நிற்கும்போதுதான் கேட்பார். அதுதான் எரிச்சல்.

சேர்க்கை மாதம் வந்துவிட்டால் கடையில் நிற்க இடமிருக்காது. சான்றிதழ் நகலெடுக்க வருகிற பிள்ளைகளுக்குத் தீர்ப்பு இலவசம். கதவைத் திறந்து வாசிப்பார். வரலாறு முப்பத்தெட்டு. மொழியியல் இருபத்தாறு. தாவரவியல் நாற்பத்தொன்று. கடைசியாக, பூசாரி திரையை விலக்குகிற பாவனையில், வணிக நிர்வாகத்தைக் காட்டுவார். மூன்றே மூன்று. "சுத்தமா இருக்கு பாருங்க. போனவன் எவனும் திரும்பி வரல. வேலைல போய் உக்காந்துட்டான்னு அர்த்தம்." அப்பாமார்கள் பெருமூச்சு விடுவார்கள். பிள்ளைகள் விண்ணப்பத்தில் படிப்பின் பெயரை அடித்துத் திருத்தி எழுதுவார்கள். இதில் எங்கோ இடிக்கிறது என்று எனக்குப் பட்டதுண்டு. ஆனால் பதினேழு கோடு வாங்கியவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வாதாடுவது?

இந்த வருஷம் வினை வீட்டுக்குள்ளேயே வந்தது. துணைவேந்தரின் ஒரே மகள் இளங்கலை முடித்திருக்கிறாள். மத்தியான நேரத்தில் கடையில் டோனர் மாற்றுவது, பைண்டிங் போடுவது எல்லாம் அவள்தான். எதிர்க் கட்டடத்தில் இரண்டு படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. அப்பாவுக்காகப் போட்ட வணிக நிர்வாகம் ஒன்று. தனக்காகப் போட்ட தாவரவியல் ஒன்று. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஏதாவது ஒன்றைக் கம்ப்யூட்டரில் உறுதி செய்து, அதை அச்சடித்த தாளைச் சேர்க்கைப் பிரிவில் கொடுக்க வேண்டும். விட்டது அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அவளுக்கு இலை என்றால் உயிர். ஒருநாள் பிரிண்டர் கடகடவென்று இருமி நின்றது. துணைவேந்தர் கழற்றிப் பார்த்தால், உள்ளே காகிதத்தோடு காகிதமாக ஒரு பெரணி இலை. வீணான தாள்களுக்கு நடுவே அவள் அமுக்கி வைத்திருந்ததை இவரே எடுத்து மெஷினுக்குத் தின்னக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு மெஷினுக்காகக் கத்தினாரா, படிப்புக்காகக் கத்தினாரா என்று தெரியவில்லை. "நாப்பத்தொரு கோடு கண்ணுக்குத் தெரியுது. நாப்பத்திரெண்டாவதா நீ போய் நிக்கணுமா?" என்று கேட்டார். அதற்கப்புறம் மூன்று வாரம் அப்பாவுக்கும் மகளுக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. வீட்டில் எல்லாம் அம்மா வழியாக. கடையில் அம்மா இல்லாததால் என் வழியாக. "உங்க ஃப்ரெண்டுகிட்ட ஸ்டேப்ளர் பின் தீந்துபோச்சுன்னு சொல்லுங்க சார்," என்பாள். அவர் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஒரு கட்டுரையை அச்சடிக்கப் போயிருந்தேன். மணி நாலு இருக்கும். டை கட்டிய ஒருவன் உள்ளே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் பென் டிரைவை நீட்டினான். அவள் வாங்கிச் சொருகினாள். துணைவேந்தர் திரையை எட்டிப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. வணிக நிர்வாகம். மூன்று வருஷத்துக்கு முன்னால் மொழியியலை அடித்துவிட்டு இவர் சொல்லிச் சேர்ந்த பையன். எங்கே வேலை என்று ஆசையாகக் கேட்டார்.

"தேடிட்டு இருக்கேண்ணே."

"இப்பதான் தேட ஆரம்பிச்சியா?"

"முடிச்சதுலேர்ந்து தேடறேன்."

துணைவேந்தருக்குப் புரியவில்லை. அப்படியானால் இத்தனை நாள் பயோடேட்டாவை எங்கே அடித்தாய் என்று கேட்டார். பின்தெருக் கடையில் என்றான். இன்றைக்கு அங்கே பிரிண்டர் ரிப்பேராம். இவ்வளவு பக்கத்தில் நான் இருக்கும்போது அங்கே எதற்குப் போனாய் என்று இவர் விடவில்லை. பையன் டையைத் தளர்த்திக்கொண்டான்.

"நீங்க கோடு போட்டுருவீங்கல்லண்ணே. நீங்க சொல்லித்தானே சேந்தோம். உங்க முன்னாடி வந்து நிக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. எங்க பேட்ச்ல பாதிப் பேரு அங்கதான் அடிக்கிறோம்."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒளிப்பானேன், பதினேழு கோட்டுக்கும் சேர்த்து வந்த சந்தோஷம். விஷயம் இப்போது எனக்கே விளங்கிவிட்டது. தாவரவியல்காரர்களும் என்னைப் போன்ற தத்துவக்காரர்களும் இவர் பேச்சைக் கேட்காமல் சேர்ந்தவர்கள். அதனால் கூச்சமில்லாமல் வந்து கோடு வாங்கிக்கொண்டு போனோம். கேட்டுச் சேர்ந்தவர்கள்தான் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுச் சுற்று வழியில் போயிருக்கிறார்கள். இவர் எந்தப் படிப்பைப் பரிந்துரைத்தாரோ அந்த வரி அதனாலேயே சுத்தமாக இருந்திருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்தேன். என் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

அவர் எழுந்து போய் பீரோவைத் திறந்தார். பென்சிலை எடுத்து வணிக நிர்வாகத்துக்கு நேரே வைத்தார். "எத்தனை தடவை அடிச்சிருப்ப தம்பி?"

"எண்ணல. எனக்கு மட்டும் முப்பது இருக்கும்."

பென்சில் அங்கேயே நின்றது. முப்பதும் போட அந்தக் கதவில் இடமிருந்தது. ஆனால் அவர் போடவில்லை. பின்னால் மகள் பையனிடம் பாண்ட் பேப்பரா, சாதாவா என்று கேட்டாள். சாதா போதும் என்றான். அச்சடித்து, பின் போட்டு, ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாமல் கொடுத்து அனுப்பினாள். நானாக இருந்தால் அப்பாவைப் பார்த்து ஒரு சிரிப்பாவது சிரித்திருப்பேன்.

"எத்தனை பேர்கிட்ட சொல்லிருப்பேன் சார்," என்றார் துணைவேந்தர், கதவைப் பார்த்தபடியே.

"அப்பா, மணி நாலு இருபது," என்றாள் மகள். மூன்று வாரத்தில் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவர் திரும்பினார். "தாவரவியல்ல வேலை கிடைக்குமாம்மா?"

"தெரியலப்பா."

"எனக்கும் தெரியல," என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கடையில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

பென்சிலைக் காதில் வைக்காமல் பீரோவின் மேல்தட்டில் வைத்தார். அடித்தட்டிலிருந்து ஒரே ஒரு பாண்ட் பேப்பரை உருவி, கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிரிண்டரில் கிடந்த சாதாத் தாள்களை எடுத்துவிட்டு அதைப் பொருத்தினார். கீபோர்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு ஸ்டூலைத் திருப்பிப் போட்டுச் சாலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவள் தட்டினாள். எட்டிப் பார்க்கிற புத்தி எனக்கும் தொற்றியிருந்ததால் பார்த்தேன். தாவரவியல்.

பிரிண்டர் முனகிவிட்டு வழக்கம்போல எழுத்துப் பக்கம் கீழாகத் தாளைத் துப்பியது. துணைவேந்தர் எழுந்து வந்து அதை எடுத்தார். கை பழக்கத்தில் பாதி புரட்டிவிட்டது. சட்டென்று நிறுத்தி, தாளைக் கவிழ்த்தபடியே ஓர் உறையில் போட்டு, மகளிடம் நீட்டினார்.