சிங்கவரம் மலையில் வைத்த பூ

பெண் பார்ப்பதை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம், கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது நான்தான். வீட்டுக்கு வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. கார் வந்து நிற்கும்போதே எதிர்வீட்டு ஜன்னல் திறந்துகொள்கிறது. வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பதில் சொல்லாமல் இருந்தால், அந்தப் பதிலுக்குத் தெருவே சேர்ந்து காத்திருக்கிறது. பால் வாங்கப் போனால்கூட, "இன்னாம்மா, அவங்க ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்பார்கள். அக்கறைதான். ஆனால் எனக்கு எரிச்சலாக வரும்.

கோயில் என்றால் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு குடும்பம் சாமி கும்பிட வந்தது, தற்செயலாகப் பார்த்துக்கொண்டது, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது. பிடிக்கவில்லை என்றால் துளசியை வாங்கிக்கொண்டு அவரவர் வழியில் போய்விடலாம். செஞ்சிக்காரர்களுக்கு இதற்கென்றே சிங்கவரம் மலை இருக்கிறது. ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, பஸ்ஸிலும் போகலாம், வண்டியிலும் போகலாம். மேலே பாறையைக் குடைந்த சன்னதியில் பெருமாள் கால் நீட்டிப் படுத்திருக்கிறார். வெளி மண்டபத்தில் நடக்கிற பேரங்களை அவர் கண்டுகொள்வதாகத் தெரியவில்லை.

அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. செஞ்சி பஜாரில் எங்களுக்குப் பாத்திரக்கடை. நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சர்க்கரை முற்றி, காலில் ஒரு விரலை எடுத்த பிறகு, கடையை நான்தான் பார்த்துக்கொண்டேன். குண்டான்களை ஏணி போட்டு அடுக்குவது, சரக்கு கொண்டுவருகிறவர்களோடு மல்லுக்கு நிற்பது, சீர்வரிசைப் பாத்திரம் வாங்கக் கூட்டமாக வந்து ஆளுக்கு ஒன்று சொல்கிறவர்களைச் சமாளிப்பது, எல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், கல்லாவில் உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சு சீராக வரும். ஆனால் வந்த வரன்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டின. கல்யாணத்துக்குப் பிறகு பெண் கடையில் உட்காரக் கூடாது. இதை எங்களிடம் நேராகச் சொல்ல மாட்டார்கள். தரகரிடம் சொல்வார்கள், தரகர் நைனாவிடம் சொல்வார். நைனாவும், "கல்யாணம் ஆச்சுன்னா கடைய மூடிடப் போறேங்க" என்று சொல்லிவிடுவார். என் முன்னாலேயேதான் சொல்வார். கேட்டால், "கடைக்காக உன்ன வூட்டுல வெச்சிகினு இருக்க முடியுமா?" என்பார். அவர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

அதனால் அந்தத் தடவை நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கல்யாணத்துக்கு அப்புறமும் தினம் செஞ்சிக்கு வந்து என் வேலையைப் பார்ப்பேன், விட மாட்டேன். அவ்வளவுதான். நீட்டிச் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேனோ என்று பயந்து சுருக்கமாக வைத்துக்கொண்டேன். நாள் முழுக்க வாயாடுகிறவளுக்கு இந்த ஒரு பேச்சுக்கு நாக்கு வறண்டது. நைனாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை.

ஆவணி மாதம், வளர்பிறை, ஞாயிற்றுக்கிழமை. நல்ல நாள் என்பது எங்களுக்கு மட்டுமா நல்ல நாளாக இருக்கும்? மலையில் எங்களைப் போலவே பட்டுப்புடவையும் பதற்றமுமாக இன்னும் சில குடும்பங்கள் இருந்தன. தரகர் செஞ்சிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் இருந்து வர வேண்டியவர். வழியில் வண்டி பஞ்சர். "நீங்க போயி மண்டபத்துல ஒக்காருங்க, அவங்க வந்துடுவாங்க. பையன் நீலச் சட்ட போட்டிருப்பாரு" என்று போனில் சொன்னார். எந்த மண்டபம் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நைனா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார். மேலே போய் உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு நீலச் சட்டை வந்தது. கூடவே அம்மா, அப்பா. பெண் பார்க்கப் போகிற ஆண்களுக்கு நீலத்தைத் தவிர வேறு நிறம் தெரியாது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். போட்டோ பார்த்திருந்தோம்தான். ஆனால் ஸ்டூடியோவில் முகத்தை வெளுப்பாக்கி, பருவை எல்லாம் துடைத்து எடுத்த பிறகு, அந்தப் போட்டோவில் இருந்தவன் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். என் போட்டோவும் அப்படித்தான் இருந்தது.

"செஞ்சிதானே நீங்க?" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆமாங்க" என்றார் நைனா.

"தரகர் வரலியா?"

"வந்துகினு இருக்காரு. வண்டி பஞ்சராம்."

"அவரு எப்பவும் இப்படித்தாங்க. சொன்ன டைமுக்கு என்னிக்கி வந்தாரு?"

எந்தத் தரகருக்கும் பொருந்துகிற பேச்சு. எல்லாரும் சிரித்து, எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். பேரை யாரும் கேட்கவில்லை. எல்லாம் ஜாதகத்தில் இருக்கிறதே.

பிறகு வழக்கமான கேள்விகள். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? சமைக்கத் தெரியுமா? சுகர், தைராய்டு, ஏதாவது உண்டா? கவிச்சி சாப்பிடுவீர்களா? நான் பதில் சொன்னேன். அவர்களுடைய பையனைப் பற்றி அம்மா கேட்டாள், அவர்கள் பதில் சொன்னார்கள். குடிக்க மாட்டான், இருக்கிற இடம் தெரியாது, அம்மா பேச்சைத் தட்ட மாட்டான். நீலச் சட்டை என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"படம் எல்லாம் பார்ப்பீங்களா?"

"டைம் கெடச்சா பார்ப்பேங்க."

"எனக்கும் டைம் கெடைக்காது" என்றார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

இதுதான் சமயம் என்று தோன்றியது. புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் தெனம் செஞ்சிக்கு வந்து என் வேலையப் பாப்பேங்க. அத விட மாட்டேன்."

நைனா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். நல்லா வலிக்கிற மாதிரியே கிள்ளினாள்.

அந்த அம்மாவோ, "எதுக்கும்மா வுடணும்? யாரு வுடச் சொன்னா?" என்றாள். "பஸ்ஸு இருக்குது. இல்லன்னா இவன் வண்டியில கொண்டாந்து வுடுவான். டென்ஷன் ஆவாத." சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு பந்து மல்லிகையை எடுத்து, என்னைத் திரும்பச் சொல்லி, வீட்டிலிருந்து நான் வைத்துவந்த பூவுக்கு மேலே வைத்துவிட்டாள். பூ வைத்தால் பெண் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், உலகத்தில் இப்படியும் ஒரு மாமியாரா என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் நைனாவின் போன் அடித்தது. தரகர். எதிரில் இருப்பவர்களுக்கும் கேட்கிற குரல் அவருக்கு.

"இன்னாங்க, எங்க இருக்கீங்க? மாப்பிள்ள வூட்டுக்காரங்க எவ்ளோ நேரமா அடிவாரத்து மண்டபத்துல ஒக்காந்துகினு இருக்காங்க. அந்தம்மாவுக்கு முட்டி வலிங்க, மேல ஏற மாட்டாங்க."

நைனா எதிரில் இருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் எங்களைப் பார்த்தார்கள். அவ்வளவு நேரம் பேசியும் ஒரு கேள்விகூட இடிக்கவில்லை, ஒரு பதில்கூடத் தட்டவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவும் இல்லை. அன்றைக்கு அங்கே எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும், எந்தப் பையனைக் கேட்டிருந்தாலும் அதே பதில்கள்தான் கிடைத்திருக்கும்.

"அப்ப நீ டீச்சர் பொண்ணு இல்லியா?" என்றாள் அந்த அம்மா.

"இல்லீங்க. பாத்திரக்கடை."

"செஞ்சியில கவர்மென்ட் ஸ்கூல் டீச்சருன்னு சொன்னாங்களே."

அவள் முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் இல்லை. கடையில் ஒரு பாத்திரத்தைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, இது நாம் கேட்டது இல்லையே என்று திருப்பி வைக்கிறவர்களின் முகம். வேலையை விடாதே என்று சொன்னது யாருக்கு என்று அப்போது புரிந்தது. மாதச் சம்பளத்துக்குச் சொன்ன வார்த்தையை எனக்குச் சொன்னதாக நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அவமானமாக இருந்தது.

அவள் பார்வை என் தலைக்குப் போயிற்று. "பூவ வேற வெச்சிட்டேனே."

"எடுத்துக் குடுத்துடட்டுங்களா?" என்றேன், வெடுக்கென்று.

"ஐயய்ய, வெச்ச பூவ எடுப்பாங்களா? இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, நீலச் சட்டையை இழுத்துக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். நாங்கள் கிளம்ப எழுந்தபோது என் அம்மா பூவை எடுத்துவிடலாம் என்றாள். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. வீம்புதான்.

நைனாவையும் அம்மாவையும் மெதுவாக வரச் சொல்லிவிட்டு நான் முன்னால் இறங்கினேன். பாதிப் படியில் ஒரு பெண் எதிரே ஏறி வந்தாள். பட்டுப்புடவை, நெற்றியெல்லாம் வேர்வை. வீட்டுப் பெரியவர்கள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"நீங்க டீச்சரா?" என்று கேட்டேன்.

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்களப் பாக்க வந்தவங்க தெரியாத்தனமா என்னப் பாத்துட்டாங்க. மேல தூணுக்குப் பக்கத்துல இருக்காங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எப்படி? நல்லவங்களா?" என்றாள்.

"நல்லவங்கதான். வேலைய விட வேணாம்னு சொன்னாங்க."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "அதத்தாங்க எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அந்த வேலையே புடிக்கல. கல்யாணத்த சாக்கா வெச்சி விட்டுடலாம்னு இருந்தேன்."

போய்ச் சொல்லிப் பாருங்கள் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மேலே போனாள். சொன்னாளா, விட்டாளா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

அடிவாரத்து மண்டபத்தில் இன்னொரு நீலச் சட்டை. இன்னொரு அம்மா, முட்டியைத் தேய்த்துக்கொண்டு. தரகரும் வந்து சேர்ந்திருந்தார், கையெல்லாம் கிரீஸ். நாங்கள் உட்கார்ந்தோம். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், சமைக்கத் தெரியுமா, சுகர் உண்டா, தைராய்டு உண்டா. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பூ ரொம்ப நன்றாக இருக்கிறது, செஞ்சியில் வாங்கியதா என்று அந்த அம்மா கேட்டாள். மேலே கொடுத்தார்கள் என்றேன். பிரசாதம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இந்தத் தடவை அவர்களே ஆரம்பிக்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. "பஜார்ல எங்க பாத்திரக்கடைய நான்தாங்க பாத்துக்குறேன். கல்யாணத்துக்கு அப்புறமும் தெனம் வந்து கடைய நடத்துவேன். மூட மாட்டேன்."

அந்த அம்மா முட்டியைத் தேய்ப்பதை நிறுத்தினாள். என்னிடம் பேசவில்லை, நைனாவிடம் பேசினாள். "கடைய மூடிடப் போறதா நீங்கதானே சொல்லியனுப்புனீங்க?"

நைனா தூணில் சாய்ந்துகொண்டார்.

"பொம்பளப் புள்ள பஜார்ல ஒக்காந்து வர்றவன் போறவன்கிட்ட பேரம் பேசறது எங்க வழக்கத்துல இல்லீங்க. ஒண்ணு ரெண்டு கொழந்த பொறந்தா இவளே மறந்துடுவா. நீங்க எடுத்துச் சொல்லுங்க" என்றாள்.

நீலச் சட்டையைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரகர், "அதெல்லாம் பேசிக்கலாங்க, அது ஒரு விஷயமா" என்று இரண்டு பக்கமும் கையை ஆட்டினார். அம்மா என் முழங்கையை மறுபடி தேடினாள். நான் நகர்ந்து உட்கார்ந்தேன். சரிங்க, மூடிடறேன் என்று நைனா வழக்கம்போலச் சொல்லிவிடப் போகிறார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

நைனா தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்து நிற்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. துண்டைத் தோளில் சரி செய்துகொண்டு, கை கூப்பி, மரியாதையாகவே சொன்னார்.

"நாங்க வூட்டுக்குப் போயி, கலந்து பேசிட்டு, சொல்லியனுப்புறோங்க."

நீலச் சட்டைகூடப் போனிலிருந்து தலையைத் தூக்கிவிட்டது.

ஆட்டோ ஏறுகிற வரைக்கும் அம்மா பொறுத்துக்கொண்டாள். ஏறியதும், "எந்த ஊர்லயாவது பொண்ணு வூட்டுக்காரங்க இப்படிச் சொல்லுவாங்களா? அவங்க சொல்ல வேண்டியத நீங்க சொல்லிட்டு வரீங்க" என்று ஆரம்பித்தாள். மானம் போச்சு, மரியாதை போச்சு, இனிமேல் எந்தத் தரகர் நம் வாசலை மிதிப்பார் என்று வயல்காடு தாண்டும் வரைக்கும் நிறுத்தவில்லை. நைனா காலைத் தூக்கி மற்ற முழங்கால்மேல் போட்டு, விரல் இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு, என்னைப் பார்த்தபடியே அம்மாவிடம் சொன்னார்.

"அவ ரெண்டு தடவ சொன்னா. நான் ஒரு தடவயாவது சொல்ல வேணாமா?"