குளிரும் என்று சொல்லி விற்றவை

ஏசி விற்கிறவனுக்கு வெயில்தான் முதலாளி. வெயில் ஏற ஏற எங்கள் வாயும் நீளும்.

சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் ஒன்பது வருஷமாக நிற்கிறேன். ஏசி, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் என் பிரிவு. விற்பதும் நான்தான், விற்ற பிறகு ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவனும் நான்தான். பங்குனி பிறந்ததும் மொட்டை மாடி தோசைக்கல்லாகிவிடும். ஃபேனைப் போட்டால் மேலே இருக்கிற அனலைக் கிண்டிக் கீழே அனுப்பும். அப்படிப்பட்ட வீட்டில்தான் நீங்களும் இருப்பீர்கள். கரண்டு பில் மெசேஜ் வந்ததும் போனைக் கவிழ்த்து வைக்கிற ஆளாகவும் இருப்பீர்கள். உங்களில் சிலருடைய பில்லில் கொஞ்சம் என்னால் கூடியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பதினாறு

வேலைக்குச் சேர்ந்த புதிது. ரிமோட்டில் பதினாறு வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று எனக்கு யாரோ சொன்னார்கள், நானும் எல்லோருக்கும் சொன்னேன். அது தப்பு. பதினாறு வைத்தாலும் இருபத்தைந்து வைத்தாலும் மிஷின் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். பதினாறு வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். இது எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆனது.

அந்த ஒரு வருஷத்தில் என்னிடம் ஏசி வாங்கியவர்களில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவி டீச்சரும் உண்டு. சர்வீஸுக்குப் போனால், வெளியே அக்கினி நட்சத்திரம். உள்ளே சார் மங்கி குல்லா போட்டிருக்கிறார், டீச்சர் கையில் சுக்குக் காப்பி ஆவி பறக்கிறது. ரிமோட்டைப் பார்த்தேன், பதினாறு. "இருபத்தாறு வச்சு, ஃபேனை மெதுவா ஓட விடுங்க சார், போதும்" என்றேன். சார் என்னையே பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. வீட்டுப்பாடத்தைத் தப்பாக எழுதி வந்த பையனைப் பார்க்கிற பார்வை. டீச்சர்தான் பேசினார்.

"பதினாறுல வச்சாத்தான் நல்லதுன்னு நீங்கதான தம்பி சொன்னிய? அதுக்குத்தான் கம்பளி ரெண்டு வாங்கினோம்."

பெரிய மிஷின்

புளியங்குடியில் இருந்து எலுமிச்சங்காய் வியாபாரி ஒருவர் வந்தார். மனைவிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. படுக்கையில் இருக்கிறவளுக்கு வேர்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அறை பத்துக்குப் பத்து. ஒரு டன் ஏசி தாராளம். ஆனால் அந்த மாதம் ரெண்டு டன் மிஷினுக்குத்தான் கம்பெனி எங்களுக்குத் தனியாக ஊக்கத்தொகை போட்டிருந்தது. "சின்ன ரூம்லா, அவ்வளவு பெருசு வேணுமா?" என்று அவரே கேட்டார். "பெருசு போட்டா பட்டுனு குளிரும் அண்ணாச்சி" என்றேன்.

பட்டென்றுதான் குளிர்ந்தது. ஐந்து நிமிஷத்தில் குளிர்ந்து, 'டக்'கென்று நிற்கும். மறுபடி அறை சூடானதும் 'தடால்' என்று கிளம்பும். ஒவ்வொரு தடாலுக்கும் அந்த அம்மா விழித்துக்கொள்வார். ஈரம் போகாமல் மெத்தை விரிப்பு பிசுபிசுவென்று இருந்தது. கரண்டும் வீணாகப் போனது. நான் போய்ப் பார்த்தபோது காரணம் எனக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "புது மிஷின், செட்டாக ரெண்டு மாசம் ஆகும்" என்று சொன்னேன். கிளம்பும்போது அவர் ஒரு பை நிறைய எலுமிச்சங்காய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். பையை என் வண்டியில் அவரே மாட்டிவிட்டுச் சொன்னார்:

"தம்பி, நாங்க மூடையில பெரிய காயை மேல வச்சு சின்னதை அடியில போடுவோம். நீங்க சின்ன ரூமுக்குள்ள பெருசையே வச்சிட்டிய. எங்க தொழிலை விட உங்க தொழில் மோசம் போலயே."

வலைக்குள் புழுதி

இதுவும் தெரியாமல் செய்தது இல்லை. ஜெயராணி அக்கா ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஏசி குளிரவில்லை என்று கூப்பிட்டார். மூடியைத் திறந்தேன். உள்ளே காற்றை வடிகட்டுகிற வலையில் புழுதி கம்பளம் மாதிரி அப்பியிருந்தது. காற்றே போகவில்லை, அப்புறம் எப்படிக் குளிரும்? குழாயடியில் கழுவிப் போட்டால் முடிந்தது. ஆனால் அன்றைக்கு அது மூன்றாவது வீடு, முதல் ரெண்டு வீட்டிலும் வெறும் கையோடு வந்திருந்தேன். "கேஸ் போயிருக்குக்கா" என்றேன். சிலிண்டரை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன், குழாயை மாட்டினேன், கேஸ் அளவு காட்டுகிற முள்ளைப் பார்த்துத் தலையாட்டினேன், கழற்றினேன். நடுவில், ஏதோ போகிற போக்கில் செய்வது போல, வலையைக் கழுவி மாட்டினேன். கேஸுக்குப் பணம் வாங்கினேன். அக்கா எல்லாவற்றையும் கையைக் கட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கோடையில் போன் வந்தது. மறுபடி குளிரவில்லையாம். "கேஸ்தான் இருக்கும்க்கா, நாளைக்கு வாரேன்" என்றேன். மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டு, வர வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன், காரணத்தைச் சொன்னார். டவர் கிடைக்காதவன் போல "ஹலோ, ஹலோ" என்று ரெண்டு தரம் கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

"அந்த வலையை மட்டும் கழுவிப் போட்டேன் தம்பி, ஜில்லுனு வருது. கேஸ் எங்கன இருந்து வந்துச்சுன்னுதான் தெரியல."

பச்சை விளக்குப் பெட்டி

தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் பெட்டி. பிளக்கில் சொருகினால் பச்சை விளக்கு எரியும். கரண்டு பில் குறையும் என்று அட்டையில் போட்டிருக்கும். உள்ளே அந்த விளக்கைத் தவிர ஒன்றும் இல்லை என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். கல்லா மேஜையில் சாக்லேட் பக்கத்தில் வைத்து விற்றோம். குருவிகுளம் பக்கத்து ஊரில் ஆடு வளர்க்கிற இசக்கியம்மாள் ஒன்று வாங்கினார். "இது எப்படிக் குறைக்கும்?" என்று கேட்டார். "அது டெக்னாலஜி" என்றேன். புரியாததைக் கேட்டுவிட்டோமோ என்று அந்த அம்மா கூச்சப்பட்டதை இப்போதும் நினைத்தால் எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து வந்தார். பெட்டியைத் துணியில் சுற்றி, உடையாமல் கொண்டுவந்திருந்தார். பில் குறையவில்லையாம். தன் வீட்டு வயரிங்கில்தான் கோளாறு இருக்கும் என்று நினைத்து, எலெக்ட்ரீஷியனை வேறு கூட்டிவந்து பார்த்திருக்கிறார். கரண்டு செலவானால் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுங்குமே, அதை வைத்துப் பிறகு அவரே ஒரு சோதனை செய்திருக்கிறார். அதைக் கடை நிறைய ஆள் இருக்கும்போது, சண்டை போடாமல், சந்தேகம் கேட்கிற குரலிலேயே சொன்னார். அன்றோடு அந்தப் பெட்டியைக் கல்லா மேஜையில் இருந்து எடுத்து உள்ளே வைத்தோம். தூக்கிப் போடவில்லை, உள்ளே வைத்தோம்.

"வீட்டுல லைட்டு, ஃபேனு எல்லாத்தையும் அணைச்சிட்டு இது ஒண்ண மட்டும் சொருகிப் பாத்தேன். அப்பவும் மீட்டரு நின்னு நின்னு கண்ணடிக்கி. யாரைப் பாத்து அண்ணாச்சி கண்ணடிக்கி?"

ஷீட்டுக்கு அடியில்

பேச்சிமுத்து விசைத்தறி ஓட்டுகிறவன். கரிவலம்வந்தநல்லூரில் வீடு, மேலே சிமெண்ட் ஷீட். எட்டு மாதக் குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு, அது கொப்புளமாகி அழுதுகொண்டே இருக்கிறது என்று ஏசி கேட்டு வந்தான். ஷீட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் போடுவதற்காகச் சேர்த்த பணம் கையில் இருந்தது. ஷீட் வீட்டில் ஏசிக் குளிர் தங்காது என்று எனக்குத் தெரியும். சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் கை நுழைகிற சந்து இருக்கும், குளிர் அது வழியே போய்விடும். மேலே வெள்ளை அடித்து, மேற்குச் சுவரில் தட்டி கட்டி, ஷீட்டுக்கு அடியில் தெர்மாகோல் சீலிங் போட்டால் பாதிச் சூடு போய்விடும். அதுவும் எனக்குத் தெரியும். மாதக் கடைசி. கடை வைத்த டார்கெட்டுக்கு எனக்கு இன்னும் ஒரு மிஷின் குறைந்தது. "தாராளமாப் போடலாம்" என்றேன்.

இரண்டரை மாதம் கழித்து அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், அவன் வீட்டு வழியாக வந்தேன். மதியம் மூன்று மணி. குழந்தை வேப்பமரத்தடியில் தொட்டிலில் கிடந்தது. பேச்சிமுத்துவின் மனைவி கனகா அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். உள்ளே ஏசி, தூசி படாமல் பழைய சேலை போர்த்தி, சாமி படம் மாதிரி சுவரில் இருந்தது. அதுவரை இலவச நூறு யூனிட்டைத் தாண்டாத வீடு. முதல் பில்லைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டார்கள். "மிஷின்ல கோளாறு இல்லண்ணே, எங்க வீட்டுக்குத்தான் கொடுத்து வைக்கல" என்றான் பேச்சிமுத்து. அவன் என்னைக் குறை சொல்லாததுதான் தாங்க முடியவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் போனேன். சுண்ணாம்பு, பசை, நீளக் கம்பில் கட்டிய பிரஷ், கால் வைக்க ஒரு பலகை. ஷீட் உடைந்துவிடாமல் பலகையை மாற்றி மாற்றிப் போட்டு, பேச்சிமுத்துவும் நானும் வெயில் ஏறுவதற்குள் ரெண்டு பூச்சு அடித்தோம். மேற்கில் தென்னந்தட்டி கட்டினோம். அடுத்த வாரம் தெர்மாகோல் போட்டோம். மதியம் மூன்று மணிக்கு என்னுடைய சர்வீஸ் தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்தேன். முந்தின வாரத்தை விட நாலு டிகிரி இறங்கியிருந்தது. கனகா குழந்தையைத் தூக்கிவந்து உள்ளே கிடத்தினாள். அது கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டுத் தூங்கியது. ஏசியைக் கழற்றி, பாதி விலைக்கு வேறு ஓர் ஆளுக்கு முடித்துக் கொடுத்தேன். மீதிப் பாதி போனது போனதுதான். கான்கிரீட் இன்றைக்கும் போடவில்லை. கை கழுவ கனகா செம்பில் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"இந்தச் சுண்ணாம்புக் கதையை அன்னைக்கே கடையில வச்சு சொல்லிருக்கலாம்லாண்ணே?"

கடைக்குள் நின்றுகொண்டு

அதற்குப் பிறகு வாய் கொஞ்சம் அடங்கியது. மாடிக்கு வெள்ளை அடியுங்கள், ஜன்னலுக்கு வெளியே நிழல் கட்டுங்கள், பழைய ஃபேனை மாற்றுங்கள், அப்புறமும் புழுங்கினால் வாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். பலர் என்னை நம்பவில்லை. கடையில் சரக்கு இல்லை போல, அதனால்தான் தட்டிக்கழிக்கிறான் என்று எதிர்க்கடைக்குப் போய் வாங்கினார்கள். எங்கள் கடையில் எனக்கு மூத்தவர் சுடலைமணி அண்ணாச்சி. வாஷிங் மெஷின் பக்கம் நிற்பவர். ரெண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, டீ குடிக்கக் கூட்டிப்போய்ச் சொன்னார்:

"ஏலே மாரியப்பா, கடைக்குள்ள நின்னுக்கிட்டே கடைக்கு வராதிங்கன்னு சொல்லுத. சுண்ணாம்புக் காளவாசல்ல போயி சம்பளம் வாங்கிக்கிடுதியா?"

எங்கள் வீட்டுக் கதவு

போன மாதம் எங்கள் வீட்டு பில் வந்தது. வழக்கத்தை விட அதிகம். உடனே என் மனைவி செல்வியை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். வெந்நீருக்கு ஹீட்டர் கம்பியைப் போட்டுவிட்டு மறந்துவிடாதே, வெயிலில் குடத்தை வைத்தாலே தண்ணீர் சுடும், ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடக் கூடாது, இப்படி. பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்து அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போனாள். ஃபிரிட்ஜ் கதவின் ஓரத்து ரப்பர் கிழிந்து தொங்கியது. கதவு தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்கக் கீழே ஒரு செங்கல். சந்து வழியே வந்த குளிர் என் காலில் பட்டது. நான் தினம் மூன்று வேளை சாப்பிடுகிற அடுப்பங்கரை அது.

"ஊருக்கெல்லாம் கரண்டு மிச்சம் பிடிக்கச் சொல்லிக் குடுக்கிய. இந்த ரப்பரை மாத்தித் தாங்கன்னு ஆறு மாசமாச் சொல்லுதேன், காதுல விழுந்துச்சா?"

குளிர்ச்சியை விற்கிற தொழிலில் இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். ஆனால் எனக்கு அதிகமாக வேர்த்ததெல்லாம் ஏசிக்கு நேர் கீழே நின்றபோதுதான்.