சங்கக்கடையில் ஒரு சேலைத் தீர்மானம்

அது இரண்டாம் உலக யுத்தகாலம். கோப்பாயில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை திறந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. அரிசிக்குக் கூப்பன், சீனிக்குக் கூப்பன் என்று தொடங்கி, கடைசியில் துணிக்கும் கூப்பன் வந்துவிட்டது. நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. சங்கத்தின் நிர்வாக சபையில் என்னையும் சேர்த்திருந்தார்கள். பெண்களுக்கும் ஓர் இடம் கொடுப்போம் என்ற பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டக் குறிப்பு எழுத வடிவான கையெழுத்து தேவைப்பட்டது. எழுதுகிறவள் வாய் திறக்கமாட்டாள் என்று நம்பியிருப்பார்கள், பாவம்.

சங்கத் தலைவர் ஒரு மலாயாப் பென்சன்காரர். அங்கே ஸ்டேசன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர். சங்கக்கடையையும் ஒரு ஸ்டேசனாகத்தான் நடத்தினார். சட்டைப் பையில் இருக்கும் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் கதவு திறப்பார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் வரிசையில் நிற்கவேண்டும். வரிசை கோணினால் பங்கீடு நின்றுவிடும். துணி வரத் தொடங்கியதும் அவரே ஒரு விதி செய்தார்: கூப்பன் பதிவில் ஆண் என்று இருந்தால் வேட்டி, பெண் என்று இருந்தால் சேலை. அதைத் தம் கைப்பட எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, ஒவ்வொரு நாளும் காலையில் ஒருமுறை வாசித்துப் பார்த்துத் திருப்திப்படுவார். நல்ல மனிதர்தான். ஆனால் விதி என்று வந்துவிட்டால் பெற்ற தாயையும் பிளாட்பாரத்தில் நிற்க வைத்துவிட்டுக் கொடியை அசைத்துவிடுவார்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் ஓர் அக்கா இருந்தார். பிறந்தபோது ஆண்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரையும் வீட்டையும் தென்மராட்சியிலேயே விட்டுவிட்டு, இளவயதிலேயே சேலை உடுத்து எங்கள் ஊருக்கு வந்து தனியாகக் குடியிருந்தவர். அப்படிப்பட்டவர்களைச் சொல்ல ஊரில் ஒரு சொல் இருந்தது. அது நல்ல சொல் அல்ல, அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பெண்கள் எல்லோருக்கும் அவர் 'பலகார அக்கா'. கலியாணத்துக்கு முன்னால் பெண்கள் கூடிப் பலகாரச் சூடு வைப்பார்களே, எங்கள் பக்கத்தில் அதற்கு அவர்தான் தலைமை. அவர் பதம் பார்க்காமல் அரியதரம் எண்ணெயில் விழாது. பயற்றம் உருண்டை பிடிக்கிறபோது அவர் சொல்லும் பகிடியில் மணப்பெண்ணின் தாய்மாரே சிரித்துப் புரைக்கேறி இருமுவார்கள். ஆண்கள் அந்தப் பலகாரத்தை நன்றாகச் சாப்பிடுவார்கள். அதைச் சுட்டவரைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார்கள்.

இப்படி இருக்கையில்தான் ஊர் அதிகாரியான விதானையார் கூப்பனுக்குப் பதிந்தபோது, பழைய பதிவைப் பார்த்து அக்காவை 'ஆண்' என்று எழுதிவிட்டார். அரிசியும் சீனியும் வாங்கும்வரை அதனால் ஒன்றும் குடிமுழுகவில்லை. துணி வந்த அன்று பெண்களின் வரிசையில் நின்ற அக்காவைக் கூப்பிட்டு, எல்லோரும் பார்க்க, மேசையில் ஒரு வேட்டியை வைத்தார் தலைவர். அக்கா வேட்டியைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், வேட்டியை மேசையிலேயே விட்டுத் திரும்பி நடந்துவிட்டார்.

அன்று பின்னேரம் வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் போய்ப் பார்த்தேன். அவரிடம் இருந்தவை இரண்டே சேலைகள். ஒன்று தைத்துத் தைத்து நூலாய்ப் போயிருந்தது. மற்றதைக் கிழித்து அதற்கு ஒட்டுப் போட்டிருந்தார். வரிசைக்கு உடுத்து வந்ததே கடைசித் தடவை, இனி உடுத்துக்கொண்டு வெளியே வரக்கூடிய நிலையில் ஒன்றும் இல்லை.

“உந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு நான் படலை தாண்டமாட்டன், ரீச்சர். வீட்டுக்குள்ள கிடந்து செத்தாலும் சேலையோடதான் சாவன்” என்றார்.

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் கண் கலங்கியிருந்தது. ஆவணி பிறக்கப் போகிறது, கலியாண மாதம். பலகாரச் சூட்டுக்குப் போகாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இல்லை. அதைவிட, சேலை உடுத்து நாலு பேர் நடுவில் இருக்கமுடியாவிட்டால் அவர் அவராகவே இருக்கமுடியாது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

முதலில் சங்கங்களைப் பரிசோதிக்க வருகிற இன்ஸ்பெக்டரைப் பிடித்தேன். அவர் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தார். கிடுகுகளை எண்ணி முடித்தாரோ என்னவோ, “உந்த விதி கவுண்மேந்துக் கச்சேரியில இருந்து வரேல்லை, ரீச்சர். உங்கடை சங்கம் போட்டது. சங்கமே கூடி மாத்தினால் ஆர் கேக்கப்போகினம்?” என்று சொல்லிச் சைக்கிளில் ஏறிவிட்டார். ஆக, பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரவேண்டும். குடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஆதரவு தேடப் புறப்பட்டேன்.

பெண்கள் பக்கம் பிரச்சினையே இல்லை. ஆண்களில் பெரிய வாய் ஒரு புகையிலைத் தோட்டக்காரருக்கு. அவர் சொன்னால் இன்னும் பத்துப் பேர் கை தூக்குவார்கள். அவரிடம் சமயத்தை எடுத்து விளங்கப்படுத்தினேன். சிவபெருமானே பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கிறாரே, நாங்கள் யார் பிரித்துப் பார்க்க என்று உருக்கமாகக் கேட்டேன். அவர் கிணற்றுத் துலாவைப் பிடித்தபடி யோசித்தார்.

“அவர் புலித்தோல்தானே உடுக்கிறவர், ரீச்சர். அதுக்குக் கூப்பன் இல்லையே” என்றார்.

பிறகு தம்முடைய உண்மையான கவலையைச் சொன்னார். வீட்டில் அவரும் ஆண்மக்களுமாக வேட்டி குவிந்து கிடக்கிறது. மனைவிக்கோ ஒரே ஒரு சேலை. விதியை மாற்றினால் தாங்களும் சேலை கேட்கலாமா என்று அறிய விரும்பினார். நீங்கள் உடுப்பதானால் கேட்கலாம் என்றேன். அவர் அதையும் யோசித்தார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வருகிற விஷயம்.

தலைவர் வீட்டுக்கும் போனேன். கதிரை தந்தார், கோப்பி தந்தார், இணக்கம் மட்டும் தரவில்லை. பொம்பிளையளின்ரை பெட்டியில் ஆம்பிளை ஏறினால் கோச்சியை எடுக்கவே மாட்டேன் என்று ரயில்வேக் கணக்கில் சொன்னார். உள்ளே அடுக்களையில் சட்டி ஒன்று ‘டங்’ என்று வைக்கப்பட்டது. அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார்.

“இஞ்சேருங்கோ, கோச்சியை மலாயாவில விட்டிட்டு வந்து எத்தினை வரியம்? இது கடை” என்றார்.

தலைவருக்குச் செவிப்புலன் அந்த நேரம் பார்த்துக் குறைந்துவிட்டது. அவர்களுடைய மகளின் கலியாணத்துக்கு மூன்று நாளும் பலகாரம் சுட்டவர் எங்கள் அக்காதான். அதை நான் நாசூக்காக நினைவுபடுத்தினேன். பலகாரம் வேறு, நிர்வாகம் வேறு என்று சொல்லி மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார்.

இனி என் சொல்வன்மைதான் துணை என்று முடிவுசெய்து ஒரு பேச்சுத் தயாரித்தேன். நீதி, தர்மம், சமத்துவம், மனிதாபிமானம் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று கையை எங்கே உயர்த்துவது, எங்கே குரலைத் தழுதழுக்க விடுவது என்றெல்லாம் பழகினேன். வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கவேண்டும். கூட்டத்துக்குப் புறப்பட்டபோது அக்கா பொட்டடியில் வந்து நின்றார்.

“போய்க் கதையுங்கோ, ரீச்சர். ஆனால் அழுது கதைக்காதையுங்கோ. நான் பிச்சை கேக்கேல்லை, என்ரை கூப்பனுக்குத்தான் கேக்கிறன்.”

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். ஆண்கள் மர வாங்குகளில், பெண்கள் ஒரு பக்கமாகப் பாயில். என்ன விசேஷமோ, அன்றைக்குப் பெண்கள் என்றுமில்லாத அளவுக்கு வந்திருந்தார்கள். தலைவரின் மனைவி முன்வரிசையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். ‘ஒருவர் எந்த உடையை உடுத்து வாழ்கிறாரோ, அந்த உடையையே அவருடைய கூப்பனுக்கு வழங்கவேண்டும்’ என்ற என் தீர்மானத்தை நான் எழுந்து வாசித்தேன். பேச்சைத் தொடங்கத் தொண்டையைச் செருமினேன். தலைவர் கையை உயர்த்தி என்னை இருக்கச் சொன்னார். முதலில் தலைமையின் அபிப்பிராயமாம்.

இந்த இடத்தில் எங்கள் பேச்சு வழக்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எழுதும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘அவர்’ என்றே எழுதிவிடலாம், யாருக்கும் சேதமில்லை. யாழ்ப்பாணத்தில் வாய் திறந்தால் அது நடக்காது. மரியாதைக்குரிய ஆண் என்றால் ‘அவர்’, மரியாதைக்குரிய பெண் என்றால் ‘அவா’. இரண்டுக்கும் நடுவே ஒளிந்துகொள்ள இடமில்லை. தலைவர் இதை உணர்ந்து மிக எச்சரிக்கையாகப் பேசினார். ‘குறித்த அங்கத்தவர்’ என்றார். ‘சம்பந்தப்பட்ட ஆள்’ என்றார். ‘மேற்படி கூப்பன்’ என்றுகூட ஒரு தடவை சொன்னார். பதிவில் உள்ளபடி வேட்டியைக் கொடுப்போம், அதைக் கொண்டுபோய் மேற்படி கூப்பன் என்ன செய்தாலும் சங்கத்துக்கு அக்கறையில்லை என்று முடித்தார். ஆண்கள் பக்கத்தில் பலர் தலையாட்டினார்கள்.

அப்போதுதான் புகையிலைத் தோட்டக்காரர் எழுந்தார். எனக்கு ஆதரவா, எதிர்ப்பா என்று அவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு உண்மையிலேயே ஒரு சந்தேகம்.

“அப்ப ஐயா, அந்த ஆள் வேட்டியைக் கட்டிக்கொண்டு வெறும் மேலோட உங்கடை வீட்டுப் பலகாரச் சூட்டுக்கு வந்து பொம்பிளையளுக்கு நடுவில இருந்தால், நீங்கள் பேசாமல் இருப்பியளோ?”

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“என்ன விசர்க்கதை கதைக்கிறீர், ஐசே! அவா எப்பிடி வேட்டி கட்டுவா? அவாவுக்கு வெக்கம் ரோசம் இல்லையோ?”

பாயில் இருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. தலைவர் இன்னும் கோபமாகத்தான் நின்றார். தாம் சொன்னது தம் காதில் விழ அவருக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அது விழுந்ததை முகத்தில் பார்த்தோம். முதலில் வாய் மூடியது, பிறகு கை மெல்லச் சட்டைப் பைக்குப் போய் மணிக்கூட்டைத் தேடியது. பாயில் இருந்து ‘களுக்’ என்று ஒரு சிரிப்பு வந்தது. அவருடைய மனைவிதான். அடுத்த கணம் மண்டபமே குலுங்கிச் சிரித்தது. வெற்றிலைத் தட்டம் உருண்டோடியதை எடுக்கவும் யாருக்கும் தெம்பில்லை. தோட்டக்காரர் மட்டும் தன் கேள்விக்கு மறுமொழி கிடைக்கவில்லை என்று நின்றுகொண்டிருந்தார்.

நான் பேனையை மையில் தொட்டெடுத்து, மிகவும் பணிவாக, தலைவர் இப்போது சொன்னதைக் குறிப்பில் எழுதவா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, ஆச்சரியம் என்னவென்றால், அவரும் சிரித்துவிட்டார்.

“எழுதுங்கோ, ரீச்சர். தீர்மானத்தையும் எழுதுங்கோ. ‘அவர்’ எண்டு எழுதாதையுங்கோ, பிறகு ஆரும் வந்து வாசிச்சிட்டு ஆம்பிளை எண்டு நினைக்கப்போகினம்.”

கை தூக்கச் சொன்னபோது பாயில் இருந்த கைகளோடு வாங்கில் இருந்த கைகளும் எழுந்தன. எதிர்ப்பாக ஒன்றிரண்டு கைகள் எழுந்து, பக்கத்தில் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு இறங்கின. என் அருமையான பேச்சு மட்டும் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இன்றுவரை அதைப் பேசக் கிடைக்கவில்லை. அதில் எனக்கு உள்ளூர ஒரு மனத்தாங்கல் உண்டு.

அடுத்த முறை துணி கொடுத்தபோது, பக்கத்துக் குறிச்சியில் இருந்து ஒருவர் தாமும் சேலைதான் உடுப்பது என்று மீசையைத் தடவியபடி வந்து நின்றார். தலைவர் மறுக்கவில்லை. நல்லது, நாளையில் இருந்து பெண்களின் வரிசையில் நில்லும், ஊர்ப் பெண்கள் விசாரிப்பார்கள் என்றார். பெண்களின் வரிசை முழுதும் திரும்பி அவரைப் பார்த்தது. மனிதர் வேட்டியை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பிப் பார்க்கவேயில்லை.

ஆனால் அக்கா வந்தது அதற்கெல்லாம் முன்பே, கூட்டத்துக்கு மறுநாள் காலை. தலைவரின் மனைவி கொடுத்துவிட்ட சேலையை உடுத்து, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, குங்குமப் பொட்டோடு வந்தார். தலைவர் எழுந்து நின்று, மரியாதையாக ஒரு மில் சேலையை எடுத்து மேசையில் விரித்தார். சேற்று நிறத்தில், சாக்குத் தடிப்பில் ஒரு சேலை. அக்கா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இவ்வளவு பெரிய கூட்டம் போட்டு, கை தூக்கித் தாற சேலை உந்த நிறத்திலயோ? நீலம் இல்லையோ, ஐயா?”

தலைவர் குனிந்து பெட்டியைக் கிளறத் தொடங்கினார். நான் கூப்பன் பதிவு எழுதிக்கொண்டிருந்த மேசையில் குனிந்துகொண்டேன், எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. நன்றி சொல்வார், கும்பிடுவார், கண் கலங்குவார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். அவர் நிறம் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டு நிற்கிறார், மற்றப் பெண்கள் எல்லோரையும் போல.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ சங்கங்களில் இருந்திருக்கிறேன், எத்தனையோ தீர்மானங்கள் எழுதியிருக்கிறேன். சில நிறைவேறின, பல தூசி பிடித்தன. ஆனால் அன்று காலை, நீலச் சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த அக்கா பெண்களின் வரிசையைக் கடந்து வீட்டுக்கு நடந்தபோது ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய வெற்றி ஒன்றை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.