சக்கரத்தில் செருகிய கல்யாணப் பத்திரிகை

வடசேரிச் சந்தைப் பக்கம் காய்கறி வாங்க ஒதுங்கியபோது, நடைபாதையின் விளிம்புக்கல் என் காரின் இடது முன்சக்கரத்தில் வந்து உரசியது. கல்தான் வந்தது, நான் மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. வீட்டுக்கு வந்து எண்ணினேன். அலாய் சக்கரத்தின் விளிம்பில் இருபத்து மூன்று கீறல்கள். அதில் நான்கு ஆழம்.

என் கார் என்று சொல்லிவிட்டேன். பதிவுப் புத்தகத்தில் இருப்பது மகன் பெயர். மஸ்கட்டில் இருக்கிறான். போன விடுமுறையில், “இனி ஒரு கீறல் விழட்டும்பா, வண்டிய வித்திருவேன். எழுபத்தாறு வயசுல எதுக்கு ஸ்டியரிங்?” என்று சொல்லிவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை வருகிறான்; ஞாயிறு கொட்டாரத்தில் ஓர் உறவுக் கல்யாணம். என் கையில் இருந்தது ஆறு நாள்.

கைபேசி வீடியோவில் ஓர் இளைஞர் சக்கரக் கீறலை மறைக்கும் வேலையைக் குனிந்தபடியே ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டுச் சிரிக்கிறார். அவருக்கு முதுகெலும்பு கிடையாது போலிருக்கிறது. பெயிண்ட் கடையில் வெள்ளி நிறம் கேட்டேன்.

“எந்த வெள்ளி அண்ணாச்சி? ஏழு இருக்கு.”

“காருக்கு.”

“ஏழும் காருக்குத்தான்.”

உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தேன். தொள்ளாயிரத்துக்குப் பிறகு எண்ணிக்கை தவறியது. கைவலியைவிட அதுதான் பெரிய வலி. ஆழமான நான்கிலும் பட்டி வைத்து, காயவிட்டு, மறுபடி தேய்த்தேன். ஈரக்காற்றில் அடித்தால் பெயிண்ட் வெளுத்துவிடுமாம். அது மழையின் காதில் விழுந்திருக்க வேண்டும், இரண்டு நாள் விடவே இல்லை.

வியாழன் வெயில் வந்தது. டயரில் பெயிண்ட் படாமலிருக்க, டயருக்கும் விளிம்புக்கும் நடுவே கெட்டி அட்டைகளைச் சுற்றிலும் செருக வேண்டும். நம் ஊரில் கெட்டி அட்டைக்குப் பஞ்சமா? பிரிட்ஜின் மேல் கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு இருந்தன. தேதி பார்த்து, முடிந்துபோன கல்யாணங்களாக நாற்பது எடுத்தேன். செருகி முடித்தபோது ஓர் இடைவெளி மிஞ்சியது. நாற்பத்தொன்றாவதைத் தேதி பார்க்காமல் எடுத்துவிட்டேன். பிரைமர் இரண்டு தடவை, வெள்ளி மூன்று, அதன்மேல் பளபளப்புக்குக் கிளியர் இரண்டு.

எதையோ தேடிக்கொண்டு முற்றத்துக்கு வந்த மனைவி, சக்கரத்திலிருந்து ஓர் அட்டையை உருவினாள். கொட்டாரத்துப் பத்திரிகை. பாதி வெள்ளியாகியிருந்தது. வரவேற்கும் உறவினர் பட்டியலில் பதினேழாவதாக அவள் பெயர் இருந்த பாதி. என் பெயரின் துணையில்லாமல் அவள் பெயர் தனியாக அச்சானது அதுதான் முதல் தடவை. மகனிடம் காட்ட வைத்திருந்தாள்.

“எம்பேரு மேல பெயிண்ட் அடிச்சாச்சு. இப்பம் திருப்தியா?”

“வேற ஒண்ணு வாங்கித் தாறேன்.”

“வாங்கிற்று வாங்கோ. இல்லேன்னா அவன் செருப்ப கழத்துததுக்கு முந்தி இந்தச் சக்கரக் கதையச் சொல்லுவேன்.”

பெயிண்ட் காய வேண்டும் என்பதால் கொட்டாரத்துக்குப் பஸ்ஸில் போனேன். கல்யாண வீட்டுக்காரர் வாசலிலேயே உரக்கக் கேட்டார்: “அண்ணாச்சிக்கு ரெண்டாமத்த பத்திரிகையா? ரெண்டு பந்தி சாப்பிடப் போறியளோ?” பதினொரு பேர் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்த மகன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, இடது முன்சக்கரத்தின் முன்னால் நின்றுவிட்டான்.

“இது மட்டும் ஏன்பா இப்பிடி மினுங்குது?”

நான் வாயைத் திறப்பதற்குள், புதுப் பத்திரிகையைக் கையில் பிடித்திருந்த மனைவி, “நான்தான் கழுவுனேன் மக்கா,” என்றாள்.

“ஒரு சக்கரத்த மட்டுமா?”

“அதுக்குள்ள இடுப்பு புடிச்சிற்று.”

மகன் பொறியாளர், நம்பிவிட்டான். வண்டியை விற்கும் பேச்சே எழவில்லை. கல்யாணத்துக்கு இந்தக் கோலத்தில் போகக்கூடாது என்று சனிக்கிழமை காலை அவனே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மற்ற மூன்று சக்கரங்களையும் சோப்புப் போட்டுத் தேய்த்தான். பக்கத்தில் நாற்காலி போட்டு, பதினான்கு வாளித் தண்ணீர் வரை எண்ணினேன்.

“அந்த மினுக்கம் வரமாட்டேங்குதேம்மா,” என்றான்.

“அழுத்தித் தேயி மக்கா,” என்றாள் அவள், என்னைப் பார்த்துக்கொண்டே.